விடியும் என்று எழுத மறுத்தவர்

கடற்கரையில் மீனவர் வாடியொன்றின் கூரை நிழலில் பதினான்கு பற்றறிகள் வரிசையாக இருந்தன. ஒன்பதில் ‘விடியும்’ என்றும் ஐந்தில் ‘விடியாது’ என்றும் வெண்கட்டியால் எழுதியிருந்தது. நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாள் அது. வன்னியில் அந்தச் சொல்லை ஆட்கள் சும்மா சொல்வதில்லை. பின்னால் ஒரு பெருமூச்சும் சேர்ந்து வரும். அதைப் போய்ப் பற்றறியில் எழுதி வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் புதினமாக இருந்தது.

“இது என்னக்கா, கவிதையோ?” என்று கேட்டேன்.

ஒரு பற்றறியின் தலையைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“லைற் விடியுமட்டும் நிக்கும் எண்டால் விடியும். நிக்காதெண்டால் விடியாது. சேருக்கு வாசிக்கத் தெரியும்தானே?”

என்னை அவர் கடைசிவரை ‘சேர்’ என்றுதான் கூப்பிட்டார். அதில் மரியாதை எவ்வளவு, பகிடி எவ்வளவு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை. என்னைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். வீட்டுச் சட்டைக்கு மேல் ஓர் ஆணின் நீளக்கைச் சேர்ட் போட்டிருப்பார். பற்றறி அமிலம் தெறித்து அந்தச் சேர்ட் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஊரில் சின்னது பெரியது எல்லாம் அவரைப் ‘பற்றறியக்கா’ என்றே கூப்பிட்டன. அவருடைய பெயரை நான் மீனவர் சங்கத்தின் பதிவில்தான் ஒருமுறை பார்த்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஊரில் யாரென்று கேட்பார்கள்.

முல்லைத்தீவுக் கரையில் உள்ள ஊர் அது. பின்னேரம் ஐந்து மணிக்கு வள்ளங்கள் இறங்கும். இரவு முழுக்க வலை விரித்துக் கிடந்து காலையில் திரும்பும். எஞ்சினைக் கயிறு இழுத்துத்தான் கிளப்புவார்கள், அதற்குப் பற்றறி வேண்டாம். ஆனால் மற்ற வள்ளங்கள் வந்து மோதாமல் இருக்க வெளிச்சம் வேண்டும். கரைக்கு வழி சொல்லும் ஜி.பி.எஸ் கருவிக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டும் ஒரு பற்றறியில்தான் ஓடின. மின்கம்பி மாதா கோயிலோடு நின்றுவிட்டது, கரைக்கு வரவில்லை. முன்பு ஒரு ஜெனரேற்றர் வைத்துச் சார்ஜ் ஏற்றினார்களாம். மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடத்தில் அது ஓய்ந்தது. பிறகு ஒரு தொண்டு நிறுவனம் எட்டு சோலர் தட்டுகளை வாடியின் கூரையில் பூட்டிக் கொடுத்தது. சங்கம் வாடிப் பூட்டின் திறப்பைப் பற்றறியக்காவிடம் கொடுத்தது. தட்டுகளைப் பராமரிக்க ஒரு வருடத்துக்கு நிறுவனம் அனுப்பிய ஆள் நான்.

வவுனியாவில் தொழில்நுட்பம் படித்துச் சான்றிதழ் எடுத்திருந்தேன். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் வயல் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. எனக்கு முன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் ஒருவரும் இல்லை. அம்மா என் சான்றிதழைக் காணி உறுதிப் பத்திரத்தோடு ஒரே உறைக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். அப்படிப்பட்ட சான்றிதழோடும் ஒரு புது மீற்றரோடும் நான் அந்த வாடிக்குள் நுழைந்தேன் என்பதை முதலே சொல்லிவிட வேண்டும்.

பற்றறியக்காவிடம் மீற்றர் இல்லை. ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு பல்ப் இருந்தது. சார்ஜ் ஏறிய பற்றறியைக் கழற்றி, கொஞ்ச நேரம் சும்மா விட்டு, பிறகு அந்தப் பல்ப்பைக் கொழுவிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். வலை பொத்துவார், மீன் வெட்டுவார், வருகிறவர்களோடு கதைப்பார். இடையிடையே பல்ப்பை ஓரக்கண்ணால் பார்ப்பார். வெள்ளை எப்போது மஞ்சளாகிறது, மஞ்சள் எப்போது பழுக்கிறது என்பதுதான் அவருடைய கணக்கு. அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ கழித்து வந்து ஒரு சொல் எழுதுவார்.

“உதுக்கு ஏன் இவ்வளவு நேரம்? மீற்றர் ரெண்டு செக்கனில சொல்லும்” என்றேன்.

“சொல்லும்.”

“அது பொய் சொல்லுமோ அக்கா?”

“பொய் சொல்லாது சேர். கேட்டதுக்கு மட்டும் சொல்லும். இப்ப எவ்வளவு எண்டு கேட்டால் இப்ப எவ்வளவு எண்டு சொல்லும். விடியப்புறம் மூண்டு மணிக்கு எவ்வளவு எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?”

எனக்கு அந்த நேரம் சிரிப்புத்தான் வந்தது.

சங்கத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. ‘விடியும்’ என்று எழுதிய வள்ளம் தனியே போகலாம். ‘விடியாது’ என்று எழுதியது ஒரு ‘விடியும்’ வள்ளத்தின் பக்கத்தில்தான் வலை விரிக்க வேண்டும். எழுத்தில்லாத பற்றறியோடு ஒருவரும் இறங்கக்கூடாது. இந்த ஒழுங்கை யார் எப்போது போட்டார்கள் என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் எழுதத் தொடங்கினார், ஆட்கள் அதன்படி நடக்கத் தொடங்கினார்கள், அவ்வளவுதான்.

அவரால் ஒன்றை உள்ளதைவிடக் கூட்டியோ குறைத்தோ சொல்ல முடியாது. பற்றறியில் மட்டுமில்லை, எதிலும். ஒருநாள் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்ற பங்குச் சுவாமி, இன்றைக்குப் பிரசங்கம் எப்படி என்று பொதுவாகக் கேட்டார். எல்லாரும் நல்லம் என்றார்கள். இவர், “துவக்கம் நல்லம் சுவாமி. நடுவில எனக்கு நித்திரை வந்திட்டுது. முடிவைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேலாது” என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் பாதியாகச் சுருங்கியிருந்தது. வாசலில் சுவாமி இவரிடம் மட்டும் மெதுவாக, “இண்டைக்கு?” என்றார். “விடிஞ்சது சுவாமி” என்றார் இவர்.

சாதாரணதரப் பரீட்சை எழுதப்போன ஒரு பிள்ளை கொப்பியைக் கொண்டுவந்து, “அக்கா, இதில ஒருக்கா விடியும் எண்டு எழுதித் தாங்கோ” என்று நீட்டியது. வேறு யாரும் என்றால் எழுதிக் கொடுத்துத் தலையைத் தடவி அனுப்பியிருப்பார்கள்.

“உனக்கு நான் பல்ப் கொழுவிப் பார்க்கேல்லையே பிள்ளை” என்றார்.

பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. நான் கூட, “சும்மா எழுதிக் குடுங்கோவன், ஒரு ஆசைக்குத்தானே” என்றேன். அவர் கேட்கவில்லை. பிள்ளையைக் கதிரையில் இருத்தி, “எந்தப் பாடம் கையில கிடக்கு? சரித்திரமோ? பாராமல் சொல்லு” என்றார். அது சொல்லச் சொல்ல ஒரு மணித்தியாலம் மீன் வெட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து கொப்பியில் எழுதினார்: ‘சரித்திரம் விடியும்.’ மற்றப் பாடங்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பிள்ளை அதைப் பெரிய பரிசு போலத் தூக்கிக்கொண்டு ஓடியது.

தட்டுகளில் நிழல் விழுந்தால் அவருக்குப் பொறுக்காது. காலையில் நல்ல தண்ணீரால் உப்பையும் காகத்தின் எச்சத்தையும் கழுவிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். பக்கத்து வாடிக்காரர் ஒருநாள் தன் சாரத்தைக் கூரைக்கு மேலே போன கயிற்றில் காயப்போட்டார். பற்றறியக்கா அதை மடித்துக் கொண்டுபோய் அவருடைய கையிலேயே கொடுத்தார். “அண்ணை, உங்கட சாரத்தின்ர நிழல் ரெண்டு வள்ளத்தின்ர வெளிச்சம்.” அவர், “என்ர சாரத்துக்கு இவ்வளவு பவர் எண்டு இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சே” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கரையில் சாரம் காயப்போடுகிறவர்கள் சூரியனைப் பார்த்துவிட்டுத்தான் கயிறு கட்டினார்கள்.

இப்போது நான் கிளிநொச்சியில் வீட்டுக் கூரைகளில் சோலர் பூட்டும் வேலை செய்கிறேன். கரையை விட்டு வந்து சில வருடங்களாகிவிட்டன. வாடிக்கையாளர் ஒருவர், “இது எத்தினை வருசம் நிக்கும் தம்பி?” என்று கேட்டால் கடதாசியில் உள்ள எண்ணைச் சொல்ல வாய் எடுத்து நிறுத்திவிடுகிறேன். முதலாளிக்கு அது பிடிப்பதில்லை.

பற்றறியக்கா ஏன் இப்படி என்று ஊரில் பல கதைகள். ஒரு காலத்தில் யாரோ சொன்ன பொய்யால் அவருக்கு ஒரு இழப்பு வந்தது என்றார்கள். இல்லை, தாய்க்குச் செய்து கொடுத்த சத்தியம் என்றார்கள். எனக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்றுதானே படித்திருந்தேன். ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். “காரணமோ?” என்று யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “ஒண்டும் இல்லை சேர். கூட்டிச் சொன்னால் எனக்கு வயித்துக்குள்ள ஒரு மாதிரி இருக்கும்” என்றார்.

நான் செய்த முதற்பிழை சின்னது. நேரம் மிச்சம் பிடிக்க ஆறு பற்றறிகளை ஒரே வரிசையில் இணைத்துச் சார்ஜ் ஏற்றினேன். புதியதும் பழையதும் கலந்திருந்தன. மத்தியானத்துக்குள் சார்ஜ் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. நிறைந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகப் பல்ப் கொழுவினார். இரண்டு பற்றறிகள் பத்து நிமிடத்தில் மஞ்சளாகிவிட்டன.

“பந்தியில ஆறு பேர் இருக்கினம். முன்னுக்கு இருக்கிறவன் வயிறு நிறைஞ்சு ஏவறை விட்டவுடன பந்தி முடிஞ்சுது எண்டு இலையைத் தூக்கிப்போட்டியள். கடைசியில இருக்கிற ரெண்டு பேருக்கும் இன்னும் சோறு வரேல்லை.”

நாலு வருடம் படித்ததை அவர் ஒரு பந்தியில் சொல்லி முடித்துவிட்டார். அன்றிலிருந்து நான் பழையதையும் புதியதையும் ஒன்றாகக் கட்டியதில்லை. ஆனால் நான் திருந்தியது வரிசை விஷயத்தில் மட்டும்தான். மீற்றரில் எனக்கிருந்த நம்பிக்கை அப்படியே இருந்தது.

கார்த்திகையில் ஐந்து நாட்கள் விடாமல் மழை. வானம் ஈயத் தகடு போலக் கிடந்தது. தட்டுகளிலிருந்து ஒன்றும் வரவில்லை, கடலும் குழம்பியிருந்ததால் ஒருவரும் இறங்கவும் இல்லை. ஆறாம் நாள் காலையில் கடல் தணிந்து வெயிலும் கொஞ்சம் தலைகாட்டியது. குழம்பிய கடல் தணிந்தால் மீன் படும். வீடுகளில் ஐந்து நாளாக உலை சரியாகக் கொதிக்கவில்லை. எல்லாருக்கும் அன்றைக்கே இறங்க வேண்டும்.

“இண்டைக்கு வாற வெயிலுக்கு நாலு பற்றறிதான் நிறையும்” என்றார் பற்றறியக்கா.

“பதினாலுக்கும் பிரிச்சு ஏத்துவம், எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாய்” என்றேன். எனக்கு அது நியாயமாகப் பட்டது. கூடியிருந்தவர்களும் ஓம் ஓம் என்றார்கள்.

“பிரிச்சால் பதினாலும் பத்து மணிக்கு இருட்டு. நாலு நிறைஞ்சால் நாலு வெளிச்சம் விடியுமட்டும். ஒவ்வொரு வெளிச்சத்தோடையும் மற்ற வள்ளங்கள் சேர்ந்து போகட்டும்.”

முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டார்கள். ஒருவரைத் தவிர. அவர் மூன்று வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி. அவருடைய ஆட்கள் மற்றவர்கள் போகாத தூரத்தில் வலை விரிப்பவர்கள். இன்னொருவருடைய வெளிச்சத்துக்குப் பின்னால் போக அவருக்கு மனம் வரவில்லை. மத்தியானமே தன் பற்றறி ஒன்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு தண்ணீரூற்று என்ற ஊரில் இருந்த மச்சான் வீட்டுக்குப் போய், மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு நாலரை மணிக்குத் திரும்பி வந்தார். பற்றறி இன்னும் சூடாக இருந்தது.

“எழுது பிள்ளை” என்றார்.

“ஆறட்டும் அண்ணை. பிறகு ஒரு மணித்தியாலம் பல்ப் கொழுவ வேணும்.”

“அஞ்சு மணிக்கு இறங்க வேணும். உன்ர பல்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் மீன் எனக்குக் காவல் நிக்குமோ?”

“எனக்கு இந்தப் பற்றறியைத் தெரியும். போன மாரிக்கு விடியுமட்டும் நிண்டது. ஆடியில மூண்டு மணி. போன மாதம் ஒரு மணிக்கு நிண்டு போச்செண்டு உங்கட ஆக்கள்தான் சொன்னவை. கரண்டில ஏத்தினாப்போல இதுக்கு வயது குறையாது. இது விடியாது.”

சம்மாட்டி என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்கள் படிச்ச ஆள். அந்த மீற்றரை வைச்சுப் பாருங்கோ.”

வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு தசம் ஒன்பது வோல்ற். நிறைந்த பற்றறிக்கு இருக்க வேண்டியதைவிடக் கூட. எண் திரையில் பளிச்சென்று நின்றது. கரையில் இருபது முப்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே வந்து ஏழு மாதத்தில் முதன்முறையாக என் சொல்லுக்காக ஆட்கள் காத்திருந்தார்கள். வெண்கட்டியை எடுத்து ‘விடியும்’ என்று எழுதினேன்.

பற்றறியக்கா அதை அழிக்கவில்லை. “எழுதினது நீங்கள். உங்கட எழுத்தை நான் அழிக்கிறது சரியில்லை” என்று மட்டும் சொன்னார். பிறகு அந்த வள்ளத்தில் போகவிருந்த தன் தம்பியிடம் போனார். சம்மாட்டியிடம் தொழில் செய்தவன், இருபத்துநாலு வயது. அவர்கள் குடும்பத்தில் மிஞ்சியது இந்த இரண்டு பேரும்தான்.

“உதில போகாதை. லைற் பன்ரண்டரைக்கு நிண்டிடும்.”

“சேர் எழுதியிருக்கிறார் அக்கா. மற்ற ரெண்டு பேரும் போறாங்கள், நான் மட்டும் லைற்றுக்குப் பயந்து கரையில நிண்டனான் எண்டு சொல்லச் சொல்லுறியோ?”

அவர் திரும்பவும் சொன்னார். அழவோ, கையைப் பிடித்து இழுக்கவோ இல்லை. உள்ளதை இரண்டு தரம் சொன்னார். அவன் சிரித்துக்கொண்டு ஏறிவிட்டான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குள் எல்லா வள்ளங்களும் கரையேறிவிட்டன. அந்த ஒன்று வரவில்லை. கடலில் பூம்பனி போல மழைப்புகார் மூடியிருந்தது. முன்னூறு அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எட்டு மணியானது. கோயிலில் பெண்கள் செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. அறிவிக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் அறிவித்தாயிற்று. மேலிருந்து தேட வானம் விடவில்லை என்று பதில் வந்தது. கரையிலிருந்த மண்ணெண்ணெய் முழுவதையும் ஒன்றாக ஊற்றிப் பார்த்தார்கள். இரண்டு வள்ளங்கள் ஒரு பக்கம் போய்த் தேடிவர மட்டுமே போதுமாக இருந்தது. அதனால் எந்தப் பக்கம் என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது.

சங்கத் தலைவர் வயதான மனிதர், நிதானமானவர். முதல்நாள் அந்தப் பற்றறியில் எழுதியபோது அவர் கரையில் இருக்கவில்லை. “விடியும் எண்டு எழுதின பற்றறி. அப்ப மூண்டு மணிக்கு வலையை இழுத்திருப்பாங்கள். வரேக்குள்ள எஞ்சின் நிண்டிருக்கும். அப்பிடியெண்டால் வாற வழியில, வடக்கால, கரைக்குக் கிட்டத்தான் நிப்பாங்கள். அங்காலை போவம்” என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். வள்ளத்தைத் தள்ளக் கை வைத்தார்கள்.

“அந்த எழுத்தை நம்பிப் போகாதேங்கோ” என்றார் பற்றறியக்கா.

“ஏன், விடியும் எண்டுதானே எழுதியிருந்தது?” என்றார் தலைவர்.

“ஓம், எழுதியிருந்தது. நான் எழுதேல்லை.”

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. அதை இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் மற்ற எல்லாரும் பார்த்தார்கள். ஒரு கணம், மீற்றர் சரியாகத்தான் காட்டியது என்று சொல்ல வாய் வந்தது. அது உண்மையும்கூட. ஆனால் அப்படிச் சொன்னால் வள்ளங்கள் வடக்கே போய்விடும்.

“நான்தான் எழுதினனான்” என்றேன். “அக்கா விடியாது எண்டு சொன்னவா. நான் கேக்கேல்லை. என்ர எழுத்து பிழை. அவா சொல்லுறதைக் கேளுங்கோ.”

யாரோ கெட்ட வார்த்தையால் ஏசினார்கள். யாரென்று நான் பார்க்கவில்லை.

“பன்ரண்டரைக்கு லைற் அணைஞ்சிருக்கும்” என்றார் பற்றறியக்கா. “ஆறு மணிக்குக் கொழுவியிருப்பாங்கள், ஆறரை மணித்தியாலம். அந்த நேரம் வலை கடலுக்குள்ள கிடக்கு. லைற்றும் இல்லை, ஜி.பி.எஸ்ஸும் இல்லை. இருட்டில வலையை விட்டிட்டு எஞ்சினைக் கிளப்புவாங்களோ?”

“கிளப்ப மாட்டாங்கள்” என்றார் தலைவர் மெதுவாக. “எந்தப் பக்கம் கரை எண்டு தெரியாமல் ஓட மாட்டாங்கள். வலையோடதான் கிடப்பாங்கள்.”

“அப்ப வலை போன பக்கம் போயிருப்பாங்கள். அது எந்தப் பக்கமெண்டு நீங்கள் சொல்லுங்கோ. எனக்குப் பற்றறி மட்டும்தான் தெரியும். நீரோட்டம் தெரியாது.”

“இந்த மாதத்தில நீர் தெற்கால இழுக்கும்” என்றார் தலைவர். அவர் முகம் மாறிக்கொண்டிருந்தது.

கூட்டத்திலிருந்து ஒருவர், “உன்ர தம்பி எண்டபடியால் பயத்தில சொல்லுறாய். ஒருவேளை மூண்டு மணி மட்டும் நிண்டிருந்தால்? தெற்கால போனால் திரும்பி வந்து வடக்கால தேட எண்ணெய் இல்லை. விளங்குதோ?” என்றார்.

“விளங்குது. என்ர தம்பி எண்டதுக்காக அந்தப் பற்றறி கூடவும் நிக்காது, குறையவும் நிக்காது.”

அவர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அப்போது எனக்குள் வந்தது பயமா பக்தியா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. தனக்கு மிஞ்சிய ஒரே உயிரை ஒரு பழைய பற்றறியின் வயதில் வைத்துவிட்டு அவர் நின்றார். அந்தப் பற்றறியைத் தனக்குத் தெரியும் என்பதைத் தவிர வேறு துணை அவருக்கு இருக்கவில்லை.

வள்ளங்களின் மூக்குத் தெற்கே திரும்பியது. அந்த நேரத்தில் சம்மாட்டி ஓடிவந்து ஒரு கான் மண்ணெண்ணெயை மணலில் வைத்தார். முதலில் எண்ணெய் சேர்த்தபோது தன்னிடம் ஒரு துளியும் இல்லை என்று சொன்னவர் அவர். எடுத்து ஊற்றினார்கள்.

தேடப்போன இரண்டு வள்ளங்களுக்கும் பற்றறியக்கா முந்தைய நாள் நிறைந்த பற்றறிகளில் மிச்சமிருந்ததைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். பிறகு கூரையில் ஏறித் தட்டுகளைத் துடைத்தார். மழைப்புகாருக்குள்ளால் வந்த மங்கல் வெளிச்சத்தில் ஒரு பற்றறியைக் கொழுவினார். பிறகு கரைக்குப் போய் நின்றார். பெண்கள் கோயிலுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். “நீங்கள் சொல்லுங்கோ, நான் இதில நிண்டு சொல்லுறன்” என்றார். பத்து மணி, பதினொரு மணி. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். பக்கத்தில் போக எனக்கு முகம் இல்லை. ஒருமுறை மட்டும், “அக்கா, அவங்கள் நிப்பாங்கள்தானே?” என்று கேட்டேன். கேட்டவுடனேயே கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

“அது எனக்குத் தெரியாது சேர்” என்றார்.

வேறு யாரும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனக்காக இல்லாவிட்டாலும் தனக்காகவாவது.

மத்தியானம் ஒரு மணி கழிந்து மழைப்புகார் கிழிந்த நேரத்தில் மூன்று வள்ளங்கள் தெரிந்தன. நடுவில் இருந்ததைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஒரு ஆள் எழுந்து நின்று கையைக் காட்டினான், பிறகு இன்னொருவன், பிறகு மூன்றாவது ஆள். கரை முழுக்க ஆட்கள் தண்ணீருக்குள் ஓடினார்கள். தெற்கே வெகு தூரத்தில், வலையைப் பிடித்தபடியே மிதந்துகொண்டிருந்தார்களாம். இரண்டு பாரக் கப்பல்கள் பக்கத்தால் போயினவாம். வெளிச்சம் இல்லாததால் சட்டியில் தட்டித் தட்டிக் கத்தினார்களாம். விடிந்த பிறகு எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தால், இரவு முழுக்க அடித்த மழைத்தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கி அதுவும் நின்றுவிட்டதாம்.

தம்பி நடுங்கிக்கொண்டு மணலில் இறங்கி நேராக அக்காவிடம் வந்தான். சுற்றிலும் எல்லாரும் அழுதார்கள், நானும்தான். அவர் அவனுடைய தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். கையை நீட்டி அவன் தோளில் ஒட்டியிருந்த வலைநூலை எடுத்தார்.

“லைற் எத்தினை மணிக்கு நிண்டது?” என்றார்.

“அக்கா, செத்துப் பிழைச்சு வந்திருக்கிறன். நீ மணி கேக்கிறாய்?”

“மணி தெரிஞ்சபடியால்தான் நீ இஞ்ச நிக்கிறாய். சொல்லு.”

அவன் யோசித்தான். “ஒரு மணி ஆகியிருக்கும். மற்றவன் கைக்கடிகாரத்தில பார்த்தவன். ஒண்டு பத்து.”

“நாப்பது நிமிசம் பிழைச்சுப் போனன்” என்றார்.

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தலைவரிடம் திரும்பி, எல்லாரும் கேட்க, “பன்ரண்டரை எண்டு சொன்னது பிழை அண்ணை, ஒண்டு பத்து” என்றார். தலைவர் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகுதான் அவர் மணலில் அமர்ந்தார். விடியற்காலையிலிருந்து அந்த நிமிடம்வரை அவர் ஒருமுறையும் அமரவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தம்பி பக்கத்தில் குந்தினான். அவர் அவனுடைய ஈரக் காற்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அலையைப் பார்த்தபடி, நெடுநேரம் எழும்பவே இல்லை.